பூதப் படத்துக்குக் கீழே ஒரு விரிசல்

ஓடிப்போனாளாம். யார் சொன்னது? சிவபாக்கியம் சொன்னாளாம். சிவபாக்கியத்துக்கு யார் சொன்னது? மேட்டு வீட்டுக்காரி சொன்னாளாம். மேட்டு வீட்டுக்காரியைக் கேட்டால் சிவபாக்கியத்தைக் கை காட்டுகிறாள். நாயுடுபுரத்தில் ஒரு பேச்சு இப்படித்தான் கிளம்பின வீட்டுக்கே திரும்பி வந்து காப்பி குடிக்கும்.

நான் ஒன்று கேட்கிறேன். ஓடிப்போகிறவள் காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூட வேனும் பால்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, எட்டடி மடக்கு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டா ஓடுவாள்? ஏணியோடு ஓடினவளை எந்த ஊரிலாவது யாராவது பார்த்தது உண்டா? புருஷன்காரன் குமாரவேல் பின்னாலேயே துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போனானே, அவன் யாரை வழியனுப்பப் போனான்? புருஷனையே பை தூக்க வைத்துவிட்டு ஓடுவது புது மாதிரியாகத்தான் இருக்கிறது.

முருகேஸ்வரியைப் பற்றிச் சொல்கிற வாய்க்கு இது ஒன்றா? வீடு வீடாகப் படம் பிடித்து ஆபீசுக்குக் காட்டிக் கொடுக்கிறாள், பிளான் வாங்காமல் கட்டின வீட்டுக்கெல்லாம் சீல் வைக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு. உசுரோடு இருக்கிற வீட்டைக் கருப்பு வெள்ளையில் எடுக்கிறாள், இனிமேல் மாலை போடுவதுதான் பாக்கி என்று இன்னொரு பேச்சு. ஒன்றும் நிஜமில்லை. நடந்ததைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

முருகேஸ்வரி மேல்மலைக்காரி. பூண்டுக்காட்டில் பிறந்து பூண்டு உரித்து வளர்ந்தவள். வாக்கப்பட்டு நாயுடுபுரம் வந்தபோது குமாரவேல் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். இப்போதும் அதைத்தான் ஓட்டுகிறான், கார்தான் வேறு. மகள் சௌம்யாவுக்கு ஆறு வயதாக இருக்கும்போது அவன் காலை ஒடித்துக்கொண்டு நாலு மாதம் படுத்தான். அப்போதுதான் இவள் பெயிண்ட் வேலைக்குப் போனாள். முதலில் சுவர் சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, வாளி தூக்குவது. ஒரு நாள் பெயிண்டர் வரவில்லை, லாட்ஜ்காரர் கத்திக்கொண்டு நின்றார். இவள் வீட்டுக்கு ஓடிச் சேலையைக் களைந்து, குமாரவேலின் பேண்டையும் சட்டையையும் மாட்டிக்கொண்டு வந்து ஏணியில் ஏறிவிட்டாள். பொம்பளை ஏணியில் ஏறினதற்கு ஒரு வாரம் ஊர் பேசியது. அவள் பூசின சுவர் மூன்று மழைக்கு நின்றது. அதற்கப்புறம் பேசினவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

டூரிஸ்ட்டை நம்பின நம் மலையூரில் பெயிண்ட் வேலை என்றால் கோடை சீசனுக்கு முந்தின இரண்டு மாதம்தான். மாசியும் பங்குனியும் லாட்ஜுக்கு லாட்ஜ் கிளிப்பச்சை, ஆரஞ்சு, கத்தரிப்பூக் கலர். பனியில் தூரத்திலிருந்தே கண்ணில் அடிக்க வேண்டும் என்பார்கள் முதலாளிகள். முருகேஸ்வரி வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் கிளிப்பச்சைதான் தெரியும்.

கேமரா வந்த கதை சின்னது. சௌம்யா கோயம்புத்தூரில் படிக்கும்போது கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதிக்கப் போகிறேன் என்று பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். இரண்டு கல்யாணத்தில் அலுத்துப்போய், வேறு வேலை கிடைத்து, கேமரா அலமாரியில் துணிக்குக் கீழே கிடந்தது. முருகேஸ்வரிக்கு அது எதற்கென்றால் ஸ்டேட்டஸ் வைக்க. பெயிண்டர்கள் எல்லோரும் அப்படித்தானே? வேலை முடிந்ததும் வீட்டைப் படம் எடுத்துப் போனில் ஸ்டேட்டஸ் வைத்தால் அதைப் பார்த்து அடுத்த வேலை வரும். போனில் எடுத்தது கலங்கலாக இருந்ததென்று கேமராவைத் தூசி தட்டினாள்.

எடுத்தால் வானம் நன்றாக வருகிறது, சுவர் கரியாகப் போகிறது. சுவரைச் சரி பண்ணினால் வானம் பொங்கின பால் மாதிரி வெளுத்துப் போகிறது. நம் ஊர் மேகமூட்டத்துக்கு வேறு எப்படி வரும்? மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏ சௌமி, இந்தக் கேமராவுக்கு ஒரு கண்ணுதான் தெரியுது போல. ஒண்ணு வானம் தெரியுது, இல்ல சுவரு தெரியுது."

"அம்மா, அதுக்கு எச்.டி.ஆர்.னு ஒண்ணு இருக்கு. கேமராவை ஆட்டாம ஒரே இடத்துல வச்சு மூணு படம் எடுக்கணும். இருட்டா ஒண்ணு, நடுவா ஒண்ணு, வெளிச்சமா ஒண்ணு. அப்புறம் மூணையும் ஒண்ணா சேக்கணும். வானம் இருட்டுப் படத்துல இருந்து வரும், நெழல் வெளிச்சப் படத்துல இருந்து வரும். உனக்குப் புரியாது, நான் வரும்போது—"

"என்னடி புரியாது? மூணு கோட்டு. பிரைமர், முதக் கோட்டு, ரெண்டாங் கோட்டு. ஒரே கோட்டுல எந்தச் சுவரு முடிஞ்சிருக்கு? வையி போனை."

அவ்வளவுதான். சேர்க்கிற வேலையை மகளின் பழைய லேப்டாப்பில் பத்து நாளில் பழகிவிட்டாள். கேமரா ஆடாமல் இருக்க ஏணியின் மேல் படியில் ஒரு பட்டையை முடுக்கிக் கேமராவைக் கட்டினாள். கட்டடம் சாயாமல் நேராக வர வேண்டுமே, அதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். விடிந்ததும் வெள்ளனே கிளம்பிப் போய் ஏணியை நட்டால், பனி அசையாமல் நிற்கிற நிமிஷத்துக்காகக் காத்திருப்பாள். பனி நகர்ந்தால் மூன்று படமும் ஒட்டாது. யாராவது குறுக்கே நடந்தால் ஆவி மாதிரி மூன்று ஆளாகத் தெரிவார்கள்.

படத்திலிருந்து கலரை நீக்கினது அவளாக யோசித்ததுதான். ஒரு நாள் பழைய பங்களா ஒன்றைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, "வாரம் ஆறு நாளு இந்தக் கலரைத்தானே பாக்குறேன்" என்று கருப்பு வெள்ளைக்கு மாற்றினாள். மாற்றினதும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பங்களாவின் கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. கொத்தனார் கரண்டி ஓட்டின தடம் தெரிந்தது. தகரக் கூரையில் துரு எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்று தெரிந்தது. தான் பூசுகிற கலருக்கு அடியில் இத்தனை பேர் வேலை இருக்கிறதா என்று அவளுக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

அப்புறம் விட்டாளா? கல் சர்ச், டீக்கடை, பூட்டிக் கிடக்கிற பங்களா, சந்தைக் கொட்டகை, ஏழு ரோட்டுப் பக்கம் கட்டணக் கழிப்பிடம் வரைக்கும் எடுத்தாள். சிவபாக்கியத்தின் வீட்டையும் ஆசையாக எடுத்துப் பெரிய தாளில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிவபாக்கியம் வாங்கிப் பார்த்தாள்.

"ஏண்டி, என் வீடு செத்தா போச்சு? இப்படிக் கருப்பு வெள்ளையில கொண்டாந்து நீட்டுற?"

"மதினி, கூரையப் பாருங்க, படத்துல எவ்வளவு அழகா வந்திருக்கு."

"கூரை கெடக்கட்டும். இதென்ன என் கோழிக்கு ஆறு காலு?"

கோழி மூன்று படத்துக்கும் நடுவே நடந்திருக்கிறது, அதற்கு யார் என்ன செய்வது? சிவபாக்கியத்தின் வாய்க்கு அன்றைக்குத்தான் தீனி கிடைத்தது. ஆறு கால் கோழியின் பேச்சு பேரிஜம் ஏரி வரைக்கும் போனது.

சரி, ராஜமுருகன் விஷயத்துக்கு வருகிறேன். அட்டுவம்பட்டியில் அவருக்கு ஒரு கெஸ்ட் ஹவுஸ், ஊருக்குள் இரண்டு லாட்ஜ். முருகேஸ்வரிக்கு முதன் முதலில் முழுக் கட்டடம் கொடுத்தவர் அவர்தான். அதை அவள் மறந்ததே இல்லை. போன பங்குனியில் கெஸ்ட் ஹவுஸ் பூசப் போனபோது பின்சுவரில், குளியலறை ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல் ஓடியிருந்தது. பின்னால் கார் நிறுத்த மேட்டை வெட்டியிருந்தார்கள், அதிலிருந்து வந்த விரிசல்.

"அண்ணே, இது பட்டி வச்சு அடைக்கிற விரிசல் இல்ல. கொத்தனாரக் கூப்பிட்டுக் காட்டுங்க."

"சீசன் தலைக்கு மேல நிக்குது. நீ பட்டி பாத்துப் பச்சையப் பூசி விடும்மா. மழைக்கு முன்னாடி நான் பாத்துக்கிறேன்."

பூசினாள். கட்டடம் கொடுத்த முதலாளி, சொன்னதைச் செய்தாள். பூசின இடத்துக்குச் சற்று மேலே அவர் ஒரு பெரிய திருஷ்டி பூதப் படத்தை மாட்டினார். சிவப்பு நாக்கு, உருட்டு முழி, மஞ்சள் பல். பின்பக்கம் போகிற யாருக்கும் அந்த நாக்கைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

சீசன் போனது, மழை வந்தது, ராஜமுருகன் எதையும் பார்க்கவில்லை. ஐப்பசி மழை முடிந்த ஒரு காலையில் முருகேஸ்வரி அந்த வழியாக வந்தாள். பனி கெஸ்ட் ஹவுஸின் கழுத்தளவு நின்றது. தான் பூசின கட்டடம், அழகாகத்தான் இருந்தது. பின்பக்க மேட்டில் ஏணியை நட்டு மூன்று படம் எடுத்தாள். வீட்டில் சேர்த்தாள், கலரை எடுத்தாள், ராஜமுருகன் சந்தோஷப்படுவார் என்று அவர் பெயரையும் போட்டு ஸ்டேட்டஸ் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள்.

அவள் படத்தைப் பார்த்தாளே தவிரச் சுவரைப் பார்க்கவில்லை. பனியையும் தைல மரத்தையும்தான் பார்த்தாள். கலர் போனதும் பூதத்தின் நாக்கும் சுவரும் ஒரே சாம்பலாகிவிட்டன. பூதம் இருக்கிற இடமே தெரியவில்லை. தாழ்வாரத்து நிழலில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்ததை வெளிச்சப் படம் திறந்து காட்டிவிட்டது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்கி இறங்கி அஸ்திவாரம் வரைக்கும் ஒரு விரிசல். அதைச் சுற்றி ஆளுயரத்துக்கு ஈர ஓதம்.

அந்தச் சமயத்தில் ராஜமுருகன் கெஸ்ட் ஹவுஸை விற்கப் பேசிக்கொண்டிருந்தார் என்பது இவளுக்கு எப்படித் தெரியும்? திருப்பூர்க்காரர் ஒருவர் வாங்குவதாக இருந்தது. அவருடைய புரோக்கர் போனில் முருகேஸ்வரி நம்பரும் இருந்தது. படம் மத்தியானத்துக்குள் திருப்பூர் போய்விட்டது. இஞ்சினியரை அனுப்புகிறோம் என்று அங்கிருந்து போன் வந்தது.

இரண்டு நாள் கழித்து ராஜமுருகன் ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தோடு முருகேஸ்வரி வீட்டுக்கு வந்தார். கோபப்படுவார் என்று பார்த்தால் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"நீ வேணும்னு செய்யல, எனக்குத் தெரியும். நாளைக்கு மதுரையில இருந்து இஞ்சினியரம்மா வருது. நீ வந்து ஒரே வார்த்தை சொல்லு. இது மூணு படத்தை ஒட்டுனது, கம்ப்யூட்டர்ல பண்ணது, அந்தக் கோடு ஒட்டுனதுல விழுந்ததுன்னு. பொய்யா அது? ஒட்டுனதுதானே?"

"ஒட்டுனதுதான்ணே."

"அவ்வளவுதான். சுவத்த மறுபடி பட்டி பாத்தாச்சு, இப்ப பாத்தா ஒண்ணும் தெரியாது. வர்ற சீசனுக்கு என் ரெண்டு லாட்ஜும் மச்சினன் லாட்ஜும் உனக்குத்தான். இல்லைன்னா..." என்று நிறுத்தி, பஞ்சாமிர்த டப்பாவை இவள் பக்கம் நகர்த்தினார். "ஊர்ல லாட்ஜ்காரன் எல்லாம் எனக்குச் சொந்தம்னு உனக்குத் தெரியுமே."

அவர் போனதும் குமாரவேல் டப்பாவைத் திறந்தான். "சொல்லிட்டுத்தான் போயேன் முருகேசு. நீ சொல்றதுக்கும் அந்தக் கோழிக்கு ஆறு காலு வந்ததுக்கும் என்ன வித்தியாசம்? கேட்டா நம்பத்தானே செய்வாங்க."

அவள் டப்பாவை மூடி வைத்தாள். எழுந்து அட்டுவம்பட்டிக்கு நடந்தாள். கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரி சின்னத்தாயியைப் பார்க்கப் போனாள். சின்னத்தாயி வெள்ளகவிக்காரி. அந்த மலைக்கிராமத்துக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, அந்தப் பழக்கத்தில் டவுன் தார் ரோட்டிலும் வெறுங்காலோடுதான் நடப்பாள். பின்கட்டில் அந்தக் குளியலறையை ஒட்டின, அடுக்களைக்குப் பக்கத்து அறையில்தான் அவளுக்குப் படுக்கை.

"எக்கா, இங்க சுவத்துல ஈரம் வருதா?"

"அதை ஏன் கேக்குற? பாயெல்லாம் நனையுது. தலைமாட்ட இந்தப் பக்கம் மாத்திப் போட்டுட்டேன்." சின்னத்தாயி பாயைத் தூக்கிச் சுவரைக் காட்டினாள். உள்பக்கமும் அதே படிக்கட்டு. விரலை வைத்தால் நகம் உள்ளே போனது. "நேத்து ராத்திரி முதலாளி ஆளுகள வச்சு வெளிய என்னமோ பூசுனாக. சத்தம் கேட்டுச்சு, பாதியில முழிச்சிட்டேன். உள்ள பூசலையான்னு கேட்டேன். உள்ள யாரு பாக்கப் போறான்னாக."

முருகேஸ்வரி அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். அதற்கு வெளிப்பக்கம் பட்டி வைத்தது தன் கை.

மறுநாள் இஞ்சினியர் வந்தாள். சுசித்ரா என்று பெயர், முப்பது வயதுகூட இருக்காது. பின்சுவரைப் பார்த்தாள், போனில் இருந்த படத்தைப் பார்த்தாள், மறுபடி சுவரைப் பார்த்தாள். சுவரில் பச்சை மினுமினு என்று இருந்தது. பூதம் நாக்கைத் தொங்கப் போட்டிருந்தது.

ராஜமுருகன் இவளை முன்னால் தள்ளினார். "இந்தம்மாதான் எடுத்தது மேடம். நீங்களே கேளுங்க. ஏம்மா, மூணு படத்தை ஒட்டுனதுதானே?"

"ஆமாண்ணே. மூணு படம்தான் ஒட்டுனது."

"பாத்தீங்களா!"

"ஆனா மேடம், ஒட்டுனா நடக்குற கோழிக்குக் காலு கூடும். நிக்கிற சுவத்துக்கு ஒண்ணும் கூடாது. அந்த விரிசல் இருக்கு. பங்குனியில நான்தான் பட்டி வச்சு மறைச்சேன். தப்புத்தான். உள்ள வந்து பாருங்க, இந்தக்கா தலைமாட்டுல இருக்கு."

அடுக்களை வாசலில் நின்ற சின்னத்தாயி கையில் கரண்டியோடு வழிவிட்டாள். சுசித்ரா உள்ளே போனாள். வெளியே வந்தபோது ராஜமுருகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இங்க ஆள் படுக்க வச்சிருக்கீங்களா சார்?"

அன்றைக்குச் சாயங்காலமே சின்னத்தாயியின் பாய் முன்கட்டு அறைக்குப் போனது. தை மாதத்துக்குள் பின்மேட்டுக்குத் தடுப்புச்சுவர் எழும்பத் தொடங்கியது. திருப்பூர்க்காரர் வாங்கவில்லை. ராஜமுருகன் முருகேஸ்வரியைப் பார்த்து, "உன்னை ஏணியில ஏத்துனவன் நான்டி" என்றார். அவளுக்கு அதுதான் வலித்தது. மற்றபடி லாட்ஜ்காரர்கள் கூப்பிடாமல் போனதை அவள் எதிர்பார்த்ததுதான். மார்கழியில் வழக்கமாக வருகிற போன் ஒன்றும் வரவில்லை. தான் பூசின சுவரைத் தானே காட்டிக் கொடுக்கிறவளை எவன் கூப்பிடுவான் என்று பேச்சு. பிரஷ்களைக் கழுவிக் கழுவிக் காய வைத்துக்கொண்டிருந்தாள். ஆபீசுக்குக் காட்டிக் கொடுக்கிறாள் என்ற பேச்சு கிளம்பினதும் அப்போதுதான்.

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். பேசினவர்களில் பாதிப் பேர் கொல்லைப்பக்கமாக வந்தார்கள். மேட்டு வீட்டுக்காரி வந்தாள். காய்கறிக் கடைக்காரர் வந்தார். கடைசியில் சிவபாக்கியமே முக்காட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"முருகேசு, என் வீட்டுப் பின்சுவத்தை ஒரு மூணு எடுத்துப் பாரேன். ஒண்ணுமில்லை, சும்மாத்தான்."

"கருப்பு வெள்ளையில எடுக்கலாமா மதினி? மாலை போடணும்பீங்களே."

"கிண்டலா பண்ணுற? வெரசா எடு, யாராச்சும் பாத்துரப் போறாக. கோழிய நான் புடிச்சுக்கிறேன்."

கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். சுவர் நன்றாகத்தான் இருந்தது. அப்படியும் மறுநாள் குழாயடியில் பேச்சு நின்றதா? நிற்கவில்லை.

தைப்பூசக் கூட்டம் வடிந்த வாரம் சுசித்ராவிடமிருந்து போன் வந்தது.

"முருகேஸ்வரிக்கா, பழனி அடிவாரத்துல பழைய மடமும் சத்திரமுமா இருபது கட்டடம் பழுது பாக்கப் போறோம். கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைக்கணும். கலர் வேணாம். உங்க மாதிரி சுவர் தெரியணும். மூணு மாசம் ஆகும், தங்க இடம் தர்றோம். வர்றீங்களா?"

"சுவத்துல என்ன இருக்கோ அதைத்தான் எடுப்பேன் மேடம். அப்புறம் மடத்துக்காரங்க வருத்தப்பட்டா நான் ஆளில்ல."

"அதுக்குத்தான் கூப்பிடறேன்."

"ஏணி கொண்டாரேன்."

"ஏணி இங்கயே கிடைக்கும்க்கா."

"என் ஏணிதான் மேடம் வரும்."

குமாரவேல் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். மூன்று மாதம் யார் சமைப்பது என்று கேட்டான். "டாக்சியில ஊரையே சுத்திக் காட்டுறீங்க, அடுப்ப நான் காட்டித் தாரேன்" என்று ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அவனே பையை எடுத்துத் துணி மடித்தான்.

போகிற அன்றைக்கு விடியுமுன் எழுந்து, யாருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்தாள். இருபது வருஷமாக ஊர் வீட்டுக்கெல்லாம் பூசினவள் தன் வாசல் கதவைத் தொட்டதே இல்லை. சாயம் போய் மரம் தெரிந்த கதவுக்கு உப்புத்தாள் போட்டுப் பிரைமர் அடித்தது முந்தின நாள். விடிகாலையில் முதல் கோட்டு. கிளிப்பச்சை இல்லை, நல்ல அழுத்தமான நீலம்.

எட்டு மணிக்கு வெளியே வந்து தெருவில் ஏணியை விரித்தாள். தூக்குக்குண்டு ஆடி நின்றது. "மாமா, கதவுகிட்ட நில்லுங்க. அசையக் கூடாது." முதல் படம். இரண்டாவது படம். மூன்றாவதில் குமாரவேலுக்கு மூக்கு அரித்தது. திரையில் பார்த்தால் கையைத் தூக்கினபடி ஒன்று, தூக்காமல் இரண்டு. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மறுபடி எடு" என்றான். "பஸ்ஸு போயிரும், வாங்க" என்று ஏணியை மடக்கித் தோளில் போட்டாள்.

சிவபாக்கியம் தண்ணீர்க் குடத்தோடு குறுக்கே வந்தாள்.

"எங்கடி காலங்காத்தால?"

"பழனிக்கு மதினி. மூணு மாசம், வேலை."

"என்ன இது, காவடியா?"

"ஏணி மதினி."

"எனக்குத் தெரியாதா ஏணின்னு. திரும்பி வருவியா, மாட்டியா?"

முருகேஸ்வரி ஏணியோடு திரும்பிப் பார்த்தாள். ஏணி முனை இடித்துவிடக் கூடாதே என்று சிவபாக்கியம் குடத்தோடு குனிந்தாள்.

"கதவைத் தொட்டுறாதீங்க, ஈரம். இன்னும் ஒரு கோட்டு பாக்கி இருக்கு. வந்துதான் அடிக்கணும்."

சொல்லிவிட்டு மேட்டுப் பாதையில் ஏறினாள். குமாரவேல் கட்டைவிரலில் நீலப் பெயிண்டோடு, பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.